கல்லடிக்கும் படுவான்கரைக்கும் ஏற்ற கார்

கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எனக்கு மாற்றம் வந்தபோதுதான் எங்கள் வீட்டில் கார் பேச்சு தொடங்கியது. வீடு மட்டக்களப்புக் கல்லடியில், கடலிலிருந்து கூப்பிடு தூரம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போகப் பாதையை, அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடத்துகிற மிதவையை, பார்த்து நிற்க வேண்டியதில்லை. ஆனால் பாலத்தைத் தாண்டி உள்ளே போகப் போகத் தார் முடிந்து கிறவல் வரும், கிறவல் முடிந்து வயல் வரம்பு மாதிரி ஒரு வீதி வரும். மாரியில் அதுவும் தண்ணீருக்குள். வீட்டில் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். மாதம் ஒருமுறை கிளினிக், வெள்ளிக்கிழமை கோயில். ஸ்கூட்டியில் ஏற்றவும் ஏலாது, ஒவ்வொரு தடவையும் ஓட்டோ பிடித்துக் கட்டுப்படியாகவும் இல்லை.

அண்ணன் ஒரே ஒரு அறிவுரைதான் சொன்னார். "எதை வேணுமெண்டாலும் வாங்கு. ஆனா விக்கக்குள்ள போட்ட காசு திரும்பி வரணும். அதை மட்டும் பாரு." சொந்தக்காரர், அயலவர், பள்ளியில் சக ஆசிரியர்கள் எல்லாரும் இதையேதான் வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். நான் அதற்கு அன்றும் உடன்படவில்லை, இன்றும் உடன்படவில்லை. விற்கிற நாள் ஒன்று. ஓட்டுகிற நாட்கள்தான் மற்றதெல்லாம். அந்த நாட்களில் யார் ஏறி இருக்கப் போகிறார்கள், எந்த வீதியில் போகப் போகிறது, பழுதானால் எந்தக் கராஜில் திறக்கப் போகிறார்கள் என்பதை வைத்துத்தான் கார் பார்க்க வேண்டும்.

அண்ணன் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஐந்து வருடம் நாட்டுக்குள் இருந்த கார்களே கை மாறிக் கை மாறி ஓடின. புதிதாக இறக்கிய விலையை விட அதிகமாக, ஓடித் தேய்ந்த காரை விற்றார்கள். அதனால் நம் ஆட்கள் காரை நகை மாதிரிப் பார்க்கப் பழகிவிட்டார்கள்: போட்டுக்கொள்ளவும் வேண்டும், அடகு வைக்கவும் வேண்டும், விற்றால் நட்டம் வரவும் கூடாது. இறக்குமதி திறந்ததும் அந்தக் கணக்கு ஆட்டம் கண்டது. முதலீடென்று இரண்டு கார் வாங்கி வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். 2025இல் அவர் படாத பாடுபட்டார்.

நம் வீதியில் ஏன் அதே நான்கைந்து கார்கள் மட்டும் ஓடுகின்றன என்பதற்கும் பதில் வரியில்தான் இருக்கிறது. இங்கே தீர்வை பெரும்பாலும் எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்துப் போடுகிறார்கள். சிசி கூடக்கூடத் தொகை படிப்படியாக ஏறும். மின்சாரக் காருக்கு மோட்டாரின் கிலோவாட்டைப் பார்ப்பார்கள். அதற்கு மேல் வற் வரி வேறு. ஜப்பானில் அந்தக் காருக்குக் கொடுக்கிற விலையை விட இங்கே அரசாங்கத்துக்குக் கொடுக்கிறது கூட என்று ஆகிவிடுவது சாதாரணம். ஆகவே 660 சிசி வாகன் ஆர், 800 சிசி ஆல்டோ, 1000 சிசி விட்ஸ் என்று சின்ன எஞ்சின் கார்கள் நம் ஊரை நிறைத்தன. நல்ல கார் என்பதால் மட்டும் அவை வரவில்லை, வரி அட்டவணைக்குள் நுழைந்ததால் வந்தவை. அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பார்த்தால்தான், எல்லாரும் வாங்குகிறார்களே என்ற மயக்கம் போகும்.

நான் முதலில் பார்த்தது கதவை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு காரிலும் ஏறி இறங்க வைத்தேன். விற்பவர்களுக்கு எரிச்சல்தான், ஆனாலும் விடவில்லை. டொயோட்டா அக்வாவில் அம்மா ஏறினார், அதாவது விழுந்தமாதிரி உள்ளே போனார். இறங்க முடியவில்லை. இருக்கை தாழ்வு, கூரையும் தாழ்வு, தலையைக் குனிந்து முழங்காலை மடித்து எழும்ப வேண்டும். முழங்கால் தேய்ந்தவருக்கு அந்த இரண்டும்தான் ஏலாது. விட்ஸ் கொஞ்சம் பரவாயில்லை. வாகன் ஆரில் பின்னால் திரும்பி நின்று, இருக்கையில் அமர்ந்து, காலை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்தார். "இது நம்மட வீட்டுக் கதிர உசரம் புள்ள" என்றார். எனக்கு அது போதும்.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஜப்பானில் கெய் என்று ஒரு சின்னக் கார் வகுப்பு. நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர், எஞ்சின் 660 சிசி, இவற்றைத் தாண்டக் கூடாது என்பது அங்குள்ள சட்டம். ஆனால் உயரத்துக்கு 2 மீற்றர் வரை இடம் விட்டிருக்கிறார்கள். அகலத்தில் இல்லாத இடத்தை உயரத்தில் எடுப்போம் என்று சுசுகி 1993இல் வாகன் ஆரைச் செய்தது. ஆட்களைச் சரிந்து இருக்க விடாமல் நிமிர்ந்து இருக்க வைத்தார்கள். நான் வாங்கிய மாதிரியின் உயரம் 1.65 மீற்றர், அக்வா கிட்டத்தட்ட 1.45 மீற்றர். இந்த ஒரு சாணில்தான் அம்மாவின் முழங்கால் தப்பியது. சேலை கட்டிக்கொண்டு ஏறுகிற எங்களுக்கும் அப்படித்தான். வாசல் படி தாழ்வாக, தரை சமமாக இருந்தால் முந்தானையும் கொசுவமும் கதவில் மாட்டுப்படாது. கார் விமர்சனம் செய்கிற எவரும் சேலையோடு ஏறிப் பார்த்ததாக நான் கண்டதில்லை. இந்த நாட்டில் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் போகிற பெண்களில் எத்தனை பேர் சேலை கட்டுகிறார்கள் என்று நினைத்தால், இது சின்ன விஷயமே இல்லை.

குறையும் சொல்ல வேண்டும். கெய் கார் என்றால் நான்கு பேர்தான், பின் இருக்கையில் இரண்டு பெல்ட்தான். ஐந்தாவது ஆளைத் திணித்து ஓட்டினால் பெல்ட்டும் இல்லை, விபத்தென்றால் காப்புறுதியில் கேள்வியும் வரும். பின் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டால் டிக்கியில் இரண்டு பை வைக்கத்தான் இடம். கல்லடிப் பாலத்தில் வாடைக்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது உயரமான கார் ஒரு ஆட்டு ஆட்டும், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு நான் வாகன் ஆரைச் சொல்ல மாட்டேன்.

அப்படியென்றால் ஆல்டோ 800 எடுக்கலாமே, விலையும் குறைவு, பாட்ஸும் (உதிரிப்பாகங்களும்) மலிவு என்பார்கள். பாட்ஸ் மலிவுதான், எந்தக் கராஜிலும் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்வார்கள், தரையிலிருந்து 16 சென்றிமீற்றர் உயரம் என்பதால் கிறவலுக்கும் நல்லது. ஆனால் 2014இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் காற்றுப்பை இல்லாத ஆல்டோ 800 ஒரு நட்சத்திரமும் வாங்கவில்லை. அதைப் படித்த பிறகு அம்மாவையும் மற்ற டீச்சர்மாரையும் அதில் ஏற்றிக்கொண்டு மணல் டிப்பர்களுக்கு நடுவே போக எனக்கு மனம் வரவில்லை. ஆல்டோ எடுக்கிறவர்கள் காற்றுப்பை உள்ளதாகப் பார்த்து எடுங்கள். எந்தப் பழைய காரானாலும் சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பழுதை மறைக்க யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். அந்தக் காரை விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வாகன் ஆரிலும் இரண்டு முகம் உண்டு. ஸ்டிங்ரே என்று பளபளப்பான முகம், கீழிறங்கிய பம்பர், 15 அங்குல அலோய் வீல். மற்றது எஃப்எக்ஸ், 14 அங்குல இரும்பு வீல், பிளாஸ்டிக் தட்டு. தம்பியின் கண் முழுவதும் ஸ்டிங்ரேயில்தான். நான் டயரில் எழுதியிருக்கிற எண்ணைக் காட்டினேன். எஃப்எக்ஸுக்கு 155/65, ஸ்டிங்ரேக்கு 165/55. முதல் எண் மில்லிமீற்றரில் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் எத்தனை வீதம் டயரின் பக்கச்சுவர் என்பது. பெருக்கிப் பார்த்தால் ஒன்றில் பத்து சென்றிமீற்றர் ரப்பர், மற்றதில் ஒன்பது. படுவான்கரைக் குழிகளில் அந்த ஒரு சென்றிமீற்றர் ரப்பர்தான் வீலையும் முதுகெலும்பையும் காப்பாற்றும். இரும்பு வீல் வளைந்தால் தட்டி எடுக்கலாம், அலோய் வெடித்தால் மாற்றத்தான் வேண்டும். புதிய கார்கள் வர வர வீல் பெரிதாகி ரப்பர் மெலிந்துகொண்டே போகிறது. கண்ணுக்கு அழகுதான், ஆனால் அது நம் வீதிக்குச் செய்த அழகில்லை.

பம்பரும் அப்படித்தான். ஆவணியில் மண்டூர் முருகன் திருவிழாவுக்குக் குருமண்வெளியில் பாதையில் ஏறிப் போகிறவர்களுக்குத் தெரியும். கரையிலிருந்து பாதைக்கு ஏறுகிற பலகையில் முன்பக்கம் நீண்டு தாழ்ந்த கார்கள் 'சறக்' என்று உரசும். தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று மட்டும் கேட்காதீர்கள், முன் சில்லுக்கு முன்னால் எவ்வளவு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது என்றும் பாருங்கள். கெய் கார்களுக்கு மூக்கே இல்லாததால் ஏற்றமும் இறக்கமும் அவற்றுக்குச் சுலபம். நான்கு பேர் ஏறினால் எந்தக் காரும் இன்னும் தாழும். ஆகவே ஓட்டிப் பார்க்கும்போது தனியாக ஓட்டாமல், மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள்.

வசதிகளைப் பற்றிச் சொன்னால், திரைக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஜப்பானில் ஓடிய காரின் திரையில் எல்லாம் ஜப்பான் மொழி, வரைபடமும் அந்த நாட்டு வரைபடம். காரை ஸ்டார்ட் பண்ணினதும் ஒரு பெண் குரல் கட்டண வீதிக்கான அட்டை இல்லையென்று ஏதோ அறிவிக்கும். வானொலியும் பெரும்பாலும் 76 தொடங்கி 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும், நம் தமிழ் அலைவரிசைகளில் பல அதற்கு மேலே. பேண்ட் எக்ஸ்பாண்டர் என்று சின்னப் பெட்டியொன்றைப் பூட்டினால் சரிவரும். இதற்காக யாராவது கார் விலையில் கூட்டிக் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

ஹெட்லைட்டுக்குக் கொடுங்கள். மட்டக்களப்பில் இரவில் கார் ஓட்டுகிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தார் வீதியின் சூட்டுக்கு மாடுகள் வரிசையாகப் படுத்துக் கிடக்கும். கறுப்பு மாடென்றால் கிட்டப் போகும் வரை தெரியாது. படுவான்கரையிலும், கொழும்புக்குப் போகும்போது வெலிக்கந்தை, மின்னேரியா, ஹபரணைப் பக்கமும் யானை. நான் மாலை ஆறு மணிக்குப் பிறகு ஒரு காட்டு வீதியில் ஓட்டிப் பார்க்காமல் எந்தக் காரையும் முடிவு செய்ய மாட்டேன். லைட்டின் மேல் பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டால் புது பல்ப் போட்டும் பிரயோசனமில்லை. மினுக்கினால் கொஞ்ச நாள் தெளியும், நம் வெயிலில் திரும்பவும் மங்கும். உட்பக்கம் இளநிறமா கறுப்பா என்பதையும் பாருங்கள். கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் கறுப்பு இருக்கையில் மத்தியானம் இருந்தால் புரியும்.

முன்னால் போகிற வாகனத்தை மோதாமல் தானாகப் பிரேக் போடுகிற வசதி நல்லதுதான். எனக்கும் இருக்கிறது. ஆனால் அதன் கமரா முன்கண்ணாடியில்தான் இருக்கிறது. மணல் டிப்பரிலிருந்து ஒரு கல் தெறித்துக் கண்ணாடி வெடித்தால், வெறும் கண்ணாடி மாற்றுகிற வேலையாக அது முடியாது. கமராவுக்குப் பொருந்துகிற கண்ணாடி வேண்டும், பிறகு கமராவின் பார்வையைக் கணினியில் சரிபார்க்க வேண்டும். காப்புறுதி எடுக்கும்போது முன்கண்ணாடிக்கு எவ்வளவு தொகை வரை தருவார்கள் என்று தனியாகக் கேட்டு, போதாவிட்டால் கூட்டிக்கொள்ளுங்கள். டிப்பருக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள், முந்த முடியாவிட்டால் ஓரமாக நின்று அதைப் போகவிடுங்கள்.

இனி நான் அதிகம் சொல்ல விரும்புகிற இடம், காரின் அடி. காத்தான்குடியில் ஒரு மெக்கானிக் நானா, வாங்குவதற்கு முன் மூன்று கார்களைப் பார்த்துத் தந்தார். முதல் காரின் பெயின்ட் கண்ணாடி மாதிரி மினுங்கியது. நானா பொனட்டைக்கூடத் திறக்கவில்லை. ஒரு சாக்கை விரித்துக் கீழே படுத்தார். எழும்பி வந்து, "டீச்சர், மேல பாத்து வாங்குறவங்களுக்குத்தான் இதை மினுக்கி வெச்சிரிக்காங்க. கீழ பிரேக் பைப்பு உரியுது. இது வேணாம்" என்றார்.

துரு இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று நம் கடல். கல்லடி, நாவலடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கரையோரம் முழுக்க உப்புக்காற்று. இரும்பின் மேல் ஈரத்தோடு உப்பு ஒட்டிவிட்டால் துரு வேகமாகப் பிடிக்கும். இன்னொன்று ஜப்பானிலிருந்தே வருவது. அங்கே பனி விழும் பகுதிகளில் வீதியில் உப்பைத் தூவுவார்கள். அப்படி ஒரு ஊரில் ஓடிய கார் நம்மிடம் வரும்போதே அடியில் நோயோடுதான் வரும். இதைக் கண்டுபிடிக்க ஏல ஷீட் உதவும். ஜப்பான் ஏலத்தில் ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள், அதில் காரின் படத்தின் மேல் எழுத்துகள். ஏ என்றால் கீறல், யு என்றால் பள்ளம், டபிள்யூ என்றால் தட்டிப் பெயின்ட் அடித்த அடையாளம், எக்ஸ்எக்ஸ் என்றால் அந்தப் பகுதியையே மாற்றியிருக்கிறார்கள், எஸ் துரு, சி அரிப்பு. தரத்தில் ஆர் அல்லது ஆர்ஏ என்றிருந்தால் அடிபட்டுத் திருத்திய கார். விற்பவர் காட்டுகிற தாளை அப்படியே நம்பாமல் சேசி எண்ணைக் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதில் எழுதிய கிலோமீற்றரும் மீட்டரில் உள்ளதும் ஒத்துப்போகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

வாங்கிய பிறகு நான் விடாமல் செய்வது, அடியைக் கழுவுவது. மேலே பொலிஷ் அடிக்கிற காசை மிச்சம் பிடித்து, காரை உயர்த்தி அடியில் நல்ல தண்ணீர் அடிக்கச் சொல்வேன். சில்லு வளைவுகளுக்கு உள்ளே, கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிகிற சின்னத் துளைகளில், ஸ்பெயர் டயர் கிடக்கிற குழியில் மண் தேங்கவிடக் கூடாது. சில இடங்களில் அடியில் பழைய எஞ்சின் ஒயிலை விசிறுவார்கள். வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். ஒயில் பட்ட ரப்பர் புஷ்கள் ஊறி இளகிவிடும், துருவைத் தடுக்கப் போய் சஸ்பென்ஷனுக்குச் செலவு வரும். அதற்கென்று இருக்கிற அண்டர்கோட்டை, அடி நன்றாகக் காய்ந்த பிறகு அடியுங்கள். ஈரத்தின் மேல் அடித்தால் துருவை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

மாரி வெள்ளம் கடற்காற்றை விடப் பொல்லாதது. காரைதீவில் இருக்கும் மாமாவின் கார் 2024 நவம்பர் வெள்ளத்தில் முற்றத்திலேயே சீட் அளவுக்கு மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் அயலில் ஒருவர், "ஸ்டார்ட் பண்ணிப் பாப்பம், கொஞ்ச நேரம் ஓடினா காஞ்சிரும்" என்று சாவியைத் திருப்பிவிட்டார். எஞ்சினின் உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அந்த விசையில் கொனெக்டிங் றொட் வளைந்து போகும். மாமாவின் காருக்கு அதுதான் நடந்தது. மூழ்கிய காரைத் தொடுவதென்றால் பேட்டரி வயரைக் கழற்ற மட்டும் தொடுங்கள். ஹைபிரிட் கார் (எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ளது) என்றால் செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடவே வேண்டாம். படம் எடுத்துக் காப்புறுதிக்கு அறிவித்துவிட்டு, இழுத்துக்கொண்டு கராஜுக்குப் போங்கள். வெள்ளம் ஓடிக்கொண்டிருக்கிற வீதியில் இறங்கவே இறங்காதீர்கள். அதே நவம்பரில் மாவடிப்பள்ளியில் மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை நம் ஊர் மறக்காது. உழவு இயந்திரத்தின் பாரத்தில் எத்தனையில் ஒரு பங்கு நம் கார்?

மாமாவுக்குப் பிறகு வந்த அடி காப்புறுதியில். நான் பேர் சொல்லாத ஒரு நிறுவனம், அவரும் வருடா வருடம் பழைய தொகைக்கே புதுப்பித்து வந்திருந்தார். கார் விலை ஏறியதும் அந்தத் தொகை சந்தை மதிப்பை விட மிகக் குறைந்துவிட்டது. அப்படியானால் சேதம் முழுவதையும் தர மாட்டார்கள், விகிதப்படி வெட்டுவார்கள். 60 லட்சம் பெறுமதியான காரை 40 லட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், 3 லட்சம் சேதத்துக்கு 2 லட்சம்தான் கைக்கு வரும். முகவர் இதை வாயால் சொல்ல மாட்டார், ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தில் இருக்கும். புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அன்றைய சந்தை விலையைப் பார்த்துத் தொகையை மாற்றுங்கள். விலை இறங்கினால் இறக்குங்கள், வீணாகத் தவணை கட்ட வேண்டாம். வெள்ளம் உள்ளடங்குகிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நம் மாவட்டங்களில் அது இல்லாத ஃபுல் இன்சூரன்ஸ் முழுமையான காப்புறுதி இல்லை.

எனக்குக் கார் கிடைத்தது 2023 கடைசியில், 2018ஆம் ஆண்டு எஃப்எக்ஸ், விலை ஐம்பது லட்சத்தைத் தாண்டியது. ஒரு வருடம் முந்தியே எடுத்திருக்கலாம், ஆனால் 2022 இறுதியில் லீசிங் வட்டி 25 வீதத்தையும் தாண்டி நின்றது. அந்த வட்டியில் நான்கைந்து வருடம் கட்டினால் இன்னொரு காரின் விலை வட்டியாகவே போயிருக்கும். 2023 நடுப்பகுதியில் மத்திய வங்கி வட்டி வீதங்களைக் குறைக்கத் தொடங்கிய பிறகு, கையில் சேர்ந்ததை முற்பணமாகப் போட்டு மிச்சத்துக்கு மட்டும் லீசிங் எடுத்தேன். தவணை எவ்வளவு என்று கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். எல்லாத் தவணையையும் கூட்டி மொத்தம் எவ்வளவு, இடையில் முழுவதையும் கட்டி முடித்தால் என்ன கழிப்பார்கள், இந்த இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

பெற்றோல் கணக்கை நான் டாஷ்போர்டில் காட்டுகிற எண்ணை வைத்துப் பார்ப்பதில்லை. டேங்கை நிரப்பி, ஓட்டி, அதே பெற்றோல் செட்டில் திரும்ப நிரப்பி, ஓடிய தூரத்தை லீற்றரால் பிரிப்பேன். லீற்றர் 300 ரூபாய், காருக்கு 15 கிலோமீற்றர் என்று வைத்தால் ஒரு கிலோமீற்றருக்கு 20 ரூபாய். எங்களோடு வரும் டீச்சர்மாரோடு பங்கு போடுவதும் இந்தக் கணக்கில்தான். 2022 ஜூனில் 92 ஒக்டேன் 470 ரூபாய்க்குப் போய், பிறகு கியூஆர் அட்டையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து தந்த காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். பெற்றோல் குடிக்காத கார் என்பது அதற்குப் பிறகு எனக்கு ஒரு பாதுகாப்பாகவே தெரிகிறது.

ஆனால் பெற்றோல் கண்ணுக்குத் தெரிகிற செலவு. தெரியாததுதான் திடீரென்று கழுத்தைப் பிடிக்கும். நான்கு டயர், ஐடில் ஸ்டாப் (கார் நின்றதும் எஞ்சின் தானாக அணைகிற) கார்களுக்கென்று செய்த, சாதாரணத்தை விட விலை கூடிய பேட்டரி, கியர்பெட்டி ஒயில், பிரேக் பேட், வருட லைசன்ஸ், அதற்கு முன் புகைச் சோதனை, காப்புறுதி. நம் வெயிலில் பேட்டரி மூன்று வருடம் போனால் சந்தோஷப்பட வேண்டியதுதான். நான் இவை எல்லாவற்றையும் ஒரு வருடக் கணக்காக எழுதிப் பன்னிரண்டால் பிரித்து, சம்பளம் வந்ததும் அந்தத் தொகையை வேறொரு கணக்கில் போட்டுவிடுவேன். 2024 ஜனவரியில் வற் வரி 15இலிருந்து 18 வீதமானபோது அந்தத் தொகையைக் கூட்ட வேண்டி வந்தது. கியர்பெட்டி ஒயிலில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். சிவிடி (பெல்ட்டால் இயங்குகிற) கியருக்கு அதற்கென்று நிறுவனம் சொன்ன ஒயிலையே ஊற்ற வேண்டும். சாதாரண ஓட்டோமேற்றிக் கியர் ஒயிலை ஊற்றினால் உள்ளே பெல்ட் வழுக்கிக் கியர்பெட்டியே போய்விடும். கேனை நம் கண் முன்னால் உடைத்து ஊற்றச் சொல்லுங்கள்.

பாட்ஸ் விஷயத்தில் நம் ஊருக்குத் தூரம்தான் வரி. இங்கே இல்லாததைக் கொழும்பில் பாட்ஸ் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் யாராவது பார்த்து இரவு பஸ்ஸில் போட்டுவிட வேண்டும். பொருள் பிழைத்தால் திருப்பி அனுப்பவும் ஒரு பஸ். நம் ஊரில் நிறைய ஓடுகிற காரை எடுக்க வேண்டியதற்கு உண்மையான காரணம் இதுதான், விற்பனை விலை இல்லை. வாங்க நினைக்கிற காரின் சைட் மிரர், முன் பம்பர், ஹெட்லைட் மூன்றையும் மட்டக்களப்புக் கடைகளில் விலை கேட்டுப் பாருங்கள். மூன்றும் இருந்தால் அந்தக் காரைப் பற்றிக் கராஜ்காரர்களுக்கும் தெரியும்.

மின்சாரக் கார் பற்றிப் பள்ளியில் எல்லாரும் கேட்கிறார்கள். கூரையில் சோலர் இருக்கிற, ஊருக்குள்ளேயே ஓடுகிற வீடுகளுக்கு நல்லது என்றுதான் நினைக்கிறேன். பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் எடுக்கிறவர்கள் கவனம். அதன் பேட்டரிக்குத் தனியாகக் குளிரூட்டல் இல்லை, வெக்கையில் சீக்கிரம் தேயும், மீட்டரில் பன்னிரண்டு கட்டத்தில் எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள். அக்வா வைத்திருப்பவர்கள் பின் இருக்கையின் ஓரத்தில் உள்ள காற்றுத் துவாரத்தை அடைத்துப் பையோ துணியோ வைக்காதீர்கள். ஹைபிரிட் பேட்டரி மூச்சு விடுவது அந்தத் துவாரத்தின் வழியாகத்தான், கிறவல் புழுதி அடைத்தாலும் அது சூடாகும். அவ்வப்போது கழற்றித் துப்புரவாக்கச் சொல்லுங்கள்.

கடைசியாகப் புத்தகம். லீசிங் போட்ட காரின் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். கடன் கட்டி முடிந்தது என்ற கடிதம் மட்டும் போதாது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்தப் பெயரை நீக்கியிருக்க வேண்டும். கையெழுத்து மட்டும் வைத்த வெறும் படிவத்தோடு 'ஓப்பின் பேப்பர்' என்று விற்கிற காரை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் எடுக்காதீர்கள். புத்தகத்தில் பெயர் உள்ளவர் வெளிநாட்டில் இருக்கலாம், இறந்தே போயிருக்கலாம், பிறகு அந்தக் கையெழுத்துக்காக எங்கே போய் அலைவது? விற்கிறவர்களுக்கும் அதே ஆபத்துத்தான். பெயர் மாறாத வரை அந்தக் கார் எங்கே அடிபட்டாலும் பொலிஸ் தேடி வருவது புத்தகத்தில் உள்ளவரின் வீட்டுக்கு. ஆகவே காசு கை மாறுகிற அன்றைக்கே இரண்டு பேரும் அடையாள அட்டைப் பிரதிகளோடு உட்கார்ந்து, உரிமை மாற்றப் படிவத்தைத் திகதி போட்டு முழுவதும் நிரப்பி, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.